அரிசி வண்டு என்று சொன்ன வாய்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறி இரைச்சலில் என் குரல் கடைசி வரிசைக்கு எட்டாது. இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். இது நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், அதனால் கூட்டிச் சொல்லும் வேலை எனக்கில்லை. கேட்கிறபோது கோபம் வந்தால் வரட்டும், அடக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காவ் டீச்சர் முப்பத்து மூன்று வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர் கணவர் தெங், அதே பள்ளிக்கு ஹெட்மாஸ்டராக இருந்தவர். நான் அங்கே மதியச் சாப்பாடு சமைத்தேன். எனக்குக் கிடைக்கும் ஓய்வுப் பணம் அவர்களுடையதில் கால்வாசிகூட இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, தன் பணத்துக்காகத்தான் இவள் கத்துகிறாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

அந்த வருஷம் ஏழாம் மாதத்திலிருந்து ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் எல்லோருடைய பென்ஷனையும் குறைக்கிறோம் என்று சட்டம் வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆனவர்களுக்கும்தான். ஒரு கடிதம் வந்தது. அதில் பத்து வருஷத்துக்குப் பட்டியல். ஒவ்வொரு வருஷமும் ஒரு படி கீழே.

"இவருக்கு எழுபத்தெட்டு வயசு. எண்பத்தெட்டு வரைக்கும் கணக்குப் போட்டு அனுப்பியிருக்காங்க. டாக்டருக்கே இவ்வளவு நம்பிக்கை இல்ல" என்றார் காவ் டீச்சர், கடிதத்தை மடித்துக்கொண்டே.

ஹெட்மாஸ்டர் அப்போது படுக்கையில் கிடந்தார். பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வலது பக்கம் வராது. பேச்சு ஒரு நாளைக்கு நாலைந்து சொல். அவரைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, இந்தோனேசியாவிலிருந்து வந்த தர்மி என்ற பெண் இருந்தாள். கடிதம் வந்த மறுமாதம், சம்பளம் கொடுக்க முடியாமல், அவளை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. போகும்போது அவள் ஹெட்மாஸ்டரின் நகங்களை வெட்டிவிட்டுப் போனாள். எழுபத்திரண்டு வயதுக் காவ் டீச்சர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு தானே அவரைப் புரட்டத் தொடங்கினார். தினமும் காலையில் நான் போய் ஒரு கை பிடிப்பேன்.

இதுவரை பணம்தான் போயிருந்தது. அடுத்ததாக ஒரு சொல் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஊர்த்தலைவர் அலுவலகத்தில் ஒரு மைக் உண்டு. தெருவுக்குத் தெரு கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். தடுப்பூசி போட வண்டி வந்தால் அதில் சொல்வார்கள், கொசு மருந்து அடித்தால் சொல்வார்கள். தேர்தல் வருஷமானால் சொல்லாதது எதுவும் இல்லை. ஒரு நாள் காலை ஆளும் கட்சிக் கவுன்சிலர் லியாவ் வன்-ஃபூ அதில் பேசினான். வேர்க்கடலைக்கு மழையால் வந்த நஷ்டத்தைப் பற்றிப் பேச வந்தவன், விவசாயிகள் மனம் குளிரட்டும் என்று கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டான்:

"நாம வெயில்ல காயறோம். சிலபேரு இத்தன வருஷமா நாட்டு மூட்டைக்குள்ள உக்காந்து தின்னுக்கிட்டே இருந்தாங்க. அரிசி வண்டுங்க. இப்பத்தான் அரசாங்கம் சல்லடைய எடுத்திருக்கு."

தெருவில் கைதட்டல் கேட்டது. ஒரு ஸ்பீக்கர் ஹெட்மாஸ்டரின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

இந்த வன்-ஃபூ எங்கள் பள்ளியில் படித்தவன். காவ் டீச்சரின் வகுப்புப் பையன். எல்லோருக்கும் அவன் ஆ-ஃபூ. எண்ணெய்ப் பலகாரம் செய்யும் நாளில் இரண்டு தடவை வரிசையில் வந்து நிற்பான், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

அன்று மதியம் ஹெட்மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. வயிறு சரியில்லை போலும் என்று விட்டுவிட்டோம். இரவும் திறக்கவில்லை. மறுநாள் சர்க்கரைவள்ளி போட்டுக் கஞ்சி வைத்தேன், அவருக்கு உயிர் அது. உதட்டில் கரண்டி பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் இறங்கியது. மூன்றாம் நாள் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, நாளை மறுநாள் வருவேன், அதற்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியே குழாய் போட்டுத்தான் உணவு இறக்க வேண்டும் என்றாள். அவர் உடம்பு தாங்குமா என்று டீச்சர் கேட்டபோது, அவள் தன் பையை மூடுவதில் மும்முரமாக இருந்தாள்.

நர்ஸ் போனதும் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தார். பள்ளியில் கேட்பது போலவே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தொண்ட வலிக்குதா?"

இல்லை என்று தலையசைவு.

"கஞ்சி சூடா?"

இல்லை.

"என் மேல கோவமா? தர்மிய அனுப்பிட்டேன்னு?"

இல்லை. பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தார். வாயின் இடது பக்கம் மட்டும் அசைந்தது.

"வண்டு" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வாத்தியார்களுக்குச் சம்பளத்தோடு அரிசி, எண்ணெய், உப்பு என்று அரசாங்கம் அளந்து போடும். அரிசி எந்தக் கிடங்கில் எத்தனை வருஷம் கிடந்ததோ, மூட்டையை அவிழ்த்தால் நடந்து வரும். இடைவேளையில் வாத்தியார்கள் செய்தித்தாளை விரித்து வண்டு பொறுக்குவார்கள். ஹெட்மாஸ்டரும் பொறுக்குவார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு. அந்தச் சமயத்தில்தான் சாலையோரத்தில் குடை ஃபாக்டரி வந்தது. கணக்கு எழுத ஆள் வேண்டும், பள்ளிச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்று முதலாளி தேடி வந்தார். நாலு பேர் போனார்கள். மற்றவர்களை உட்கார வைத்து மேலதிகாரி பேசினார்: இப்போது குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள், வயதான பிறகு அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். இவர்கள் நம்பினார்கள். வண்டு அரிசியைத் தின்று வேலை பார்த்தவர்களை, சொன்ன சொல்லை மாற்றியதும் போதாமல், வண்டு என்று கூப்பிட்டால் வயிறு எரியுமா, எரியாதா?

மறுநாள் காலை நான் போனபோது டீச்சர் சாம்பல் நிறப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டு நின்றார். பள்ளி நாள் உடுப்பு. இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. ஹெட்மாஸ்டரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்.

"வண்டிய எடு. வீட்டுக்குப் போய்ப் பெத்தவங்களப் பாக்கணும்."

ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பாசிரியர் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தடவை போவது எங்கள் வழக்கம். அம்மா தேநீர் வைப்பாள், அப்பா நின்றுகொண்டே கேட்பார், பையன் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

"எந்தப் பையன் வீட்டுக்கு டீச்சர்?"

"ஆ-ஃபூ."

"அவனுக்கு ஐம்பத்தாறு வயசு."

"அவங்கம்மா இருக்காங்கல்ல."

ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

ஆ-ஃபூவின் தாய் பெயர் போ-தான். எண்பத்திரண்டு வயது. தகரக் கொட்டகையின் கீழே முக்காலியில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிகளிலிருந்து கடலையை உருவிக்கொண்டிருந்தார். மகன் கவுன்சிலர், வாசலில் அவன் முகம் போட்ட தட்டி மூன்று ஆள் உயரம். அவர் கை மட்டும் நிற்காது.

"வன்-ஃபூ அம்மா" என்றார் டீச்சர்.

போ-தான் நிமிர்ந்து பார்த்தார். அந்த உடுப்பைப் பார்த்ததும் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது: "டீச்சரா? என்ன பண்ணித் தொலைச்சான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். ஒலிபரப்பு, சுவர்ப் பக்கம் திரும்பிய முகம், நாளை வரப்போகும் குழாய், எல்லாம்.

"அவன் சொன்ன எடத்துலயே அந்த வார்த்தையத் திரும்ப எடுத்துக்கணும். அத கேக்கத்தான் வந்தேன்."

போ-தான் ஒரு செடியை எடுத்து உதறினார். மண் பறந்தது.

"டீச்சர், ஒளிக்காம சொல்றேன். அன்னிக்கு நானும் கை தட்டினேன்."

"தெரியும். கேட்டுச்சு."

"வயசான விவசாயின்னு அரசாங்கம் எனக்குத் தர்றது மாசம் ஏழாயிரம். பதினாலு வயசுலேர்ந்து மண்ணுல கெடக்கறேன். முதுகப் பாருங்க, நிமிராது. ஏழாயிரம். உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு? நான் கேட்டா தப்பா?"

"தப்பில்ல" என்று ஆரம்பித்து, முழுத் தொகையையும் சொன்னார் டீச்சர். ஒரு காசு குறைக்கவில்லை.

போ-தான் கடலையைக் கூடையில் வீசினார். "கேட்டீங்களா. எனக்கு வயிறு எரியாதா?"

"எரியும். எரியணும். ஏழாயிரம் ரொம்பக் குறைச்சல். நான் ஒண்ணு கேக்கறேன். எங்களது வெட்டினாங்களே, அதுக்கப்புறம் உங்களுக்கு எட்டாயிரம் ஆச்சா?"

அந்தக் கை நின்றது. அன்று முதல் தடவையாக.

"ஆகல" என்றார் போ-தான்.

"ஆகும்னு சொன்னாங்களா?"

"சொல்லல." அவருடைய கோபம் மகன் பக்கம் திரும்பியது முகத்தில் தெரிந்தது. "வெள்ளம் வந்த வருஷம் ஹெட்மாஸ்டரு எங்க வீட்டுக்கு அரை மூட்ட அரிசி தூக்கிட்டு வந்தாரு. ராத்திரி பூரா நான் வண்டு பொறுக்கினேன். பொறுக்கிக்கிட்டே அவர வஞ்சேன், தர்மம் பண்ற மனுஷன் நல்ல அரிசியா தரக்கூடாதான்னு. அப்புறந்தான் தெரிஞ்சுது, அவங்க வீட்லயும் அதான்னு. அந்த அரிசியத் தின்னவன்தானே இவன்."

செல்போனை எடுத்து மகனுக்குப் போட்டார். "டேய், டீச்சர் வீட்டுக்கு வந்திருக்காங்க. ... எந்த டீச்சரா? உன் டீச்சர். ... கூட்டமாவது மண்ணாவது. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வா. நானும் அங்கதான் வரேன்."

நாங்கள் மூவரும் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குத் திரும்பி ஒரு மணி நேரத்தில் ஆ-ஃபூ வந்தான். கையில் கோழிச் சாறு புட்டிகள் அடுக்கிய பரிசுப் பெட்டி, சிவப்பு நாடா கட்டியது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டி. சாப்பிடாத மனிதருக்கு. கட்டில் பக்கம் குனிந்து, ஓட்டுக் கேட்கும்போது வைத்துக்கொள்ளும் அந்தக் குரலில் பேசினான்.

"சார், நான் உங்களச் சொல்லல. பொதுவா, அந்த ஏற்பாட்டப் பத்திச் சொன்னேன். உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க."

ஹெட்மாஸ்டர் அவனை நெடுநேரம் பார்த்தார். மேலிருந்து கீழே. நகம் வெட்டாமல் வந்த பையனைப் பார்க்கிற பார்வை. பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கி ஜன்னலைக் காட்டினார்.

"மைக்" என்றார்.

ஆ-ஃபூவின் முகம் வெளிறியது. "சார், அது... இன்னும் நாலு மாசத்துல தேர்தல். இந்த ஊரு முழுக்க விவசாயிங்க. நான் போய் மைக்குல அப்படிச் சொன்னா..."

"மைக்குல சொன்ன பொய்ய மைக்குலதான் அழிக்கணும்" என்றார் காவ் டீச்சர். "கரும்பலகையில தப்பா எழுதிட்டு என் காதுல வந்து சரியா சொல்லுவியே, அதே வேலையா? இன்னும் விடலியா அத?"

"டீச்சர், பணம் இல்ல. நாட்டுக்கிட்ட நெஜமாவே பணம் இல்ல. பத்து வருஷத்துல பென்ஷன் நிதி காலியாயிடும். சின்னப் பசங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"அத வந்து சொல்லியிருக்கலாமே. இந்த மாதிரி இருக்கு, சொன்ன சொல்லக் காப்பாத்த முடியல, வெக்கமா இருக்கு, என்ன பண்ணலாம்னு எங்களக் கேட்டிருக்கலாமே. எங்கள்ல எத்தன பேரு சரின்னு சொல்லியிருப்போம். நீங்க கேக்கல. எங்களத் திருடனாக்கினீங்க. திருடன்கிட்ட புடுங்கினா யாருக்கும் குத்தமா தெரியாதுல்ல, அதுக்காக."

அப்போதுதான் கவனித்தோம், போ-தான் அறையில் இல்லை. வாசலில் இருந்த அவர் செருப்பும் இல்லை. ஆ-ஃபூ எட்டிப் பார்த்தான். தெருக்கோடியில் கூன் முதுகு ஒன்று ஊர்த்தலைவர் அலுவலகத்துப் படியேறிக்கொண்டிருந்தது.

"ஐயோ அம்மா" என்று ஓடினான்.

நானும் டீச்சரும் கட்டில் பக்கத்திலேயே நின்றோம். ஜன்னலுக்கு எதிரே இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. முதலில் ஊர்த்தலைவரின் குரல், தூரத்தில்: "அக்கா, இது அரசாங்க மைக்கு, இதெல்லாம்..." உடனே போ-தானின் குரல், வெகு பக்கத்தில்: "தள்ளுப்பா." பிறகு அவர் பேசினார். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவர், வயலில் கூப்பிடுவது போலக் கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஊர்க்காரங்களே, நான் போ-தான். லியாவ் வீட்டுப் போ-தான். என் மகன் இதே மைக்குல வாத்தியாருங்கள அரிசி வண்டுன்னான். நானும் கை தட்டினேன். எனக்கு ஏழாயிரம்தான் வருது, அந்த எரிச்சல்ல தட்டினேன். இன்னிக்குக் காவ் டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்களது வெட்டினாங்களே, எனக்கு எட்டாயிரம் ஆச்சான்னு. ஆகல. உங்க யாரு வீட்லயாவது ஆச்சா? ஆச்சுன்னா வந்து காட்டுங்க, ஒரு மூட்ட கடல தரேன்."

எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. போ-தான் விடவில்லை.

"என் தட்டுல சோறு போடல. பக்கத்து வீட்டுக்காரி தட்டுலேர்ந்து எடுத்துட்டு, பாத்தியா எடுத்துட்டேன்னு என்கிட்ட காட்டறாங்க. நான் கை தட்டணுமாம். நான் என்ன கேணச்சியா? எனக்கு ஏத்திக் குடுன்னு கேக்க மறந்துபோச்சு எனக்கு. அவங்களதக் கொறைக்கறதப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன். ஹெட்மாஸ்டரு நாலு நாளா சோறு தின்னல. இந்த வார்த்தையால. வந்துட்டியா? வா. நீயே பேசு."

"அம்மா, போதும். எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும்னுதான் வந்தேன். பேசு."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஓடி வந்தவன் அல்லவா. "அன்பான ஊர்ப் பெருமக்களே..."

"ஓட்டுக் கேக்கற குரல்ல பேசாத."

டீச்சர் என் கையைப் பற்றிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் ஜன்னலையே பார்த்தபடி கிடந்தார், இமை அசையவில்லை.

"நான் வன்-ஃபூ." இப்போது வேறு குரல். "அன்னிக்கு நான் சொன்னது தப்பான வார்த்த. வண்டுன்னு சொல்லியிருக்கக்கூடாது. நீங்க கை தட்டணும்னு சொன்னேன். தெங் சார்கிட்டயும் காவ் டீச்சர்கிட்டயும் படிச்சவன் நான். அந்த வார்த்தையத் திரும்ப எடுத்துக்கறேன். பென்ஷனக் கொறச்சது சரின்னுதான் இன்னமும் நெனைக்கறேன். அத மாத்திக்கல. ஆனா அவங்க யாரும் திருடல. நாங்கதான் சொன்ன சொல்ல மாத்தினோம். அவ்வளவுதான்."

ஸ்பீக்கர் கரகரத்து நின்றது.

டீச்சர் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? சரியா சொன்னானா?"

ஹெட்மாஸ்டர் யோசித்தார். விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிப்பாரே, அப்படி.

"பாதி" என்றார்.

"பாதிதான். எனக்கும் தெரியுது" என்றார் டீச்சர். அவர் குரலில் ஆறுதல் இல்லை, நெருப்புதான் இருந்தது. "மீதிய யாரு சொல்லப்போறாங்க? சட்டம் போட்டவங்க இந்த மைக்குக்கு வரப்போறாங்களா? நீங்க பட்டினி கெடந்தா அவங்க ஒருத்தர் காதுக்காவது எட்டுமா? எட்டாது. செத்தா ஒரு பென்ஷன் மிச்சம்னு எழுதிக்குவாங்க. அந்த லாபத்த அவங்களுக்குக் குடுக்க நான் தயாரா இல்ல. வாயத் தொறங்க."

நான் கஞ்சியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். ஹெட்மாஸ்டர் முதலில் கரண்டியைப் பார்த்தார், பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்பது கரண்டி உள்ளே போனது. ஒவ்வொன்றிலும் பாதி உதட்டோரம் வழிந்தது. டீச்சர் துடைத்துத் துடைத்து மறுபடி ஊட்டினார். மறுநாள் நர்ஸ் குழாயைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பிப் போனாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று உங்களை ஏமாற்றமாட்டேன், கண்ணுகளா. பென்ஷன் திரும்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு படி இறங்கிக்கொண்டேதான் வந்தது. தர்மி திரும்பி வரவில்லை. ஆ-ஃபூ அந்தத் தேர்தலில் ஜெயித்தானா என்று கேட்பீர்கள். ஜெயித்தான், குறைந்த ஓட்டில். போ-தான் அக்கா இப்போது வாரத்துக்கொரு நாள் மகன் அலுவலகத்து வாசலில் முக்காலி போட்டு உட்காருகிறார். விவசாயிகளுக்கு எப்போது ஏறும் என்று வருகிறவர் போகிறவர் எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்கிறார். பக்கத்தில் இன்னொரு முக்காலி இருக்கிறது. ஹெட்மாஸ்டர் தூங்கும் நேரம் பார்த்து, சாம்பல் பாவாடை உடுத்தி, காவ் டீச்சரும் வந்து உட்காருகிறார். டீச்சர் தன் பென்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. போ-தான் அக்காவின் ஏழாயிரத்தைப் பற்றித்தான் கேட்கிறார். போ-தான் அக்கா டீச்சருடையதைப் பற்றிக் கேட்கிறார். பின்வாசல் வழியாகப் போகப் பழகிவிட்டான் பையன்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் உழைத்து ஓய்ந்தவர்கள் யாருடைய பேச்சும் தொண்டையில் சிக்காமல் வயிறாரச் சாப்பிடட்டும். உங்களுக்குச் சொல் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றட்டும், காப்பாற்றாதபோது எழுந்து கேட்க உங்கள் குரலுக்குப் பலம் இருக்கட்டும். அடுப்பு எரியட்டும், பானை நிறையட்டும், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.